50 லட்சமா, 16.25 கோடியா?

டிசம்பர் வந்துவிட்டால் எங்கள் பி.காம் வகுப்பில் பாதிப் பேர் சிஎஸ்கே நிர்வாகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிடுவார்கள். சம்பளம் கிடையாது. ஆனால் பர்ஸில் எத்தனை கோடி மிச்சம் என்பது காஸ்ட் அக்கவுண்டிங் நோட்டின் கடைசிப் பக்கத்தில் துல்லியமாக இருக்கும். (முன் பக்கங்களைப் பற்றிக் கேட்காதீர்கள்.) பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: மிடில் ஆர்டருக்கு யாரை எடுப்பது? ஒரு கோஷ்டிக்குப் பெரிய பெயர் வேண்டும். இன்னொரு கோஷ்டிக்கு இருபது வயசுப் பையன்கள் வேண்டும். மூன்றாவது கோஷ்டி, "சென்னைன்னு பேர் வெச்சுக்கிட்டு தமிழ்நாட்டுப் பசங்களைக் கண்டுக்கறதே இல்லையே" என்று கொதிக்கும்.

நான் மூன்றாவது கோஷ்டிதான் மக்களே. ஆனால் ஊர்ப்பாசத்துக்காக இல்லை, சுத்தமான வியாபாரக் கணக்குக்காக.

2022 டிசம்பர் 23, கொச்சி ஏலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பென் ஸ்டோக்ஸை சிஎஸ்கே 16.25 கோடிக்கு வாங்கியது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் அவர் டி20 உலகக் கோப்பை ஃபைனலில் அரை சதம் அடித்து இங்கிலாந்தை ஜெயிக்க வைத்திருந்தார். விசில் பறந்தது. அதே நாளில் அஜிங்க்ய ரஹானேயை அடிப்படை விலை 50 லட்சத்துக்கு எடுத்தார்கள். விசிலுக்குப் பதில் சிரிப்புதான். டெஸ்ட் மேட்ச் ஆடவா என்று கேட்டார்கள்.

2023 சீசனில் ஸ்டோக்ஸ் ஆடியது 2 மேட்ச், எடுத்தது 15 ரன். மீதியைக் காயம் தின்றுவிட்டது. ரஹானேவுக்கு வாய்ப்பு கிடைத்ததே மொயீன் அலிக்கு உடம்பு சரியில்லாமல் போனதால். வான்கடேயில் மும்பைக்கு எதிராக 27 பந்தில் 61. சீசன் முடியும்போது 326 ரன், ஸ்ட்ரைக் ரேட் 172. கோப்பையும் வந்தது.

"காயம் பட்டதுக்கு ஏலம் எடுத்தவங்க என்ன பண்ணுவாங்க?" என்று என் பெஞ்ச் நண்பன் கேட்பான். நியாயமான கேள்வி. ஆனால் 50 லட்சத்தில் வாங்கியவர் சொதப்பினால் அடுத்த ஆளைப் பார்க்கலாம். 16.25 கோடியில் வாங்கியவர் உட்கார்ந்துவிட்டால் அந்தப் பணமும் கூடவே பெஞ்சில் உட்கார்ந்துவிடும்.

ஏலத்தில் விலையை முடிவு செய்வது வாங்குகிறவர் இல்லை. அவருக்கு அடுத்தபடியாகக் கை தூக்கியவர்தான். எல்லா அணியும் ஒரே வீடியோ, ஒரே ஸ்கோர் பட்டியலைப் பார்த்துத்தான் மதிப்புப் போடுகிறது. பத்துப் பேர் மதிப்புப் போட்டால் அதில் ரொம்ப அதிகமாகப் போட்டவனுக்குத்தான் சரக்கு கிடைக்கும், அதாவது அதிகமாகத் தப்பு பண்ணியவனுக்கு. கடலடி எண்ணெய்க்கு ஏலம் எடுத்த அமெரிக்கக் கம்பெனிகளைப் பார்த்து மூன்று பொறியாளர்கள் 1971-லேயே இதை எழுதிவிட்டார்கள். ஜெயித்தவனின் சாபம் என்று இதற்குப் பெயர்.

சமீர் ரிஸ்வியைப் பாருங்கள். 2023 டிசம்பரில் சிஎஸ்கே 8.40 கோடி கொடுத்தது. அடுத்த வருஷம் நவம்பரில் அதே பையனை டெல்லி 95 லட்சத்துக்கு வாங்கியது. பையன் மாறவில்லை, கை தூக்கியவர்கள்தான் மாறினார்கள்.

சாபத்தில் இருந்து தப்பிக்க ஒரு வழிதான் உண்டு. மற்றவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பல்லடத்தில் காடா துணி வாங்குகிறவர்களைப் பார்த்தால் புரியும். தறிக்குப் பக்கத்தில் இருப்பவர் துணியைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, தடவிப் பார்த்து விலை பேசுவார். ஆயிரம் மைல் தள்ளி இருப்பவர் சாம்பிளை நம்பித்தான் வாங்க வேண்டும். தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் விஷயத்தில் சிஎஸ்கே தறிக்குப் பக்கத்தில் இருக்கும் வியாபாரி.

சாய் சுதர்சன் சென்னைப் பையன். 2021 டிஎன்பிஎல்-லில் கோவை அணிக்கு 358 ரன் அடித்தார். அந்த வருஷம் கொரோனாவால் எல்லா மேட்சும் சேப்பாக்கத்திலேயே நடந்தன! 2022 பிப்ரவரி ஏலத்தில் 20 லட்சத்துக்கு அவரைத் தூக்கியது குஜராத். (2023 டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை அணி அவருக்குக் கொடுத்தது 21.6 லட்சம். ஐபிஎல் சம்பளத்தை விட டிஎன்பிஎல் சம்பளம் அதிகம்.) 2023 ஃபைனலில் அவர் 47 பந்தில் 96 அடித்தது யாருக்கு எதிராக என்று சிஎஸ்கே ரசிகர்களுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் காப்பாற்றியிருக்காவிட்டால் அந்த இரவே நமக்கு வேறு மாதிரி. 2025-ல் 759 ரன், ஆரஞ்சு தொப்பி. சிஎஸ்கே அந்த வருஷம் முதல் முறையாகக் கடைசி இடம். மிடில் ஆர்டருக்கு என்று 3.40 கோடிக்கு வாங்கிய திரிபாதியும் 1.70 கோடி ஹூடாவும் சேர்ந்து நூறு ரன் தாண்டவில்லை.

சிஎஸ்கே நம் பையன்களைப் பார்க்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆரம்ப சீசன்களில் உள்ளூர் ஆட்டக்காரர்கள் நாலு பேராவது அணியில் இருக்க வேண்டும் என்று விதியே இருந்தது. பத்ரிநாத், அஸ்வின், முரளி விஜய் எல்லாம் அப்படி வந்து 2010, 2011 கோப்பைகளை வாங்கிக் கொடுத்தவர்கள். பிறகும் எடுத்தார்கள். ஆனால் ஆட வைக்கவில்லை. சாய் கிஷோர் 2020, 2021 இரண்டு சீசனும் ஒரு மேட்ச் கூட ஆடவில்லை. 2022-ல் குஜராத் 3 கோடி கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனது. ஜெகதீசனை 2022 நவம்பரில் விடுவித்தார்கள். ஒரு வாரத்துக்குள் விஜய் ஹசாரேயில் 277 அடித்தார். (எதிரணி அருணாச்சல பிரதேசம், அதையும் சொல்லிவிடுகிறேன்.) துணியைப் பிரித்துப் பார்த்து, மலிவாக வாங்கி, குடோனில் போட்டு வைத்துவிட்டு யாருக்கோ விட்டுக்கொடுக்கிற வியாபாரத்தை எங்கள் ஊரில் யாரும் செய்ய மாட்டார்கள்.

2025 டிசம்பர் அபுதாபி ஏலத்தில் சிஎஸ்கே ரூட் மாறியது. ஐபிஎல் ஆடியே இராத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா, ஆளுக்கு 14.20 கோடி. இருபது வயசுக் கோஷ்டி ஆடித் தீர்த்தது. அவர்கள் ரன் அடிக்கலாம், அடிக்காமலும் போகலாம், என் புகார் அதில் இல்லை. அடிப்படை விலை 30 லட்சம். 14 கோடி வரை ஏறியது என்றால் அந்த ரகசியம் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அதே வருஷம் ஜூலையில் திண்டுக்கல்லில் நடந்த டிஎன்பிஎல் ஃபைனலில் எங்கள் திருப்பூர் தமிழன்ஸ் 118 ரன் வித்தியாசத்தில் ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது. கேப்டன் சாய் கிஷோர்தான்.

டிஸ்கி: இதில் தோனியைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை. அதே வகுப்பில் நான் இன்னும் ஒரு வருஷம் உட்கார வேண்டும் :-)