அபராதம் 500, உதவித்தொகை 5,000

படித்த பிள்ளைக்கு வேலை இல்லை, வேலை தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்ற இரண்டு புலம்பலையும் ஒரே ஊரில் ஒரே நாளில் கேட்க முடிகிறது. இரு தரப்பையும் சேர்த்து வைக்க 1961-லேயே நாடாளுமன்றம் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டத்தை இயற்றியது. 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும் என்கிறது இன்றைய விதி. எடுக்காவிட்டால்?

2014 வரை ஆறு மாதச் சிறைக்கு வழி இருந்தது. அந்த ஆண்டுத் திருத்தத்தில் அதை நீக்கினார்கள். நீக்கியதில் நமக்கு வருத்தமில்லை. அப்படி யாரும் உள்ளே போனதாகக் கேள்விப்பட்டதும் இல்லை. அந்த இடத்தில் வைத்த அபராதம்தான் வேடிக்கை. நிரப்பாத ஓர் இடத்துக்கு முதல் மூன்று மாதங்கள் மாதம் 500 ரூபாய், பிறகு மாதம் 1,000. ஆனால் 2019 விதிகள் அப்ரண்டிஸுக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச உதவித்தொகை, படிப்பைப் பொறுத்து 5,000 முதல் 9,000 ரூபாய். ஒன்றிய அரசு தன் பங்காகக் கால்வாசியை, அதிகபட்சம் 1,500 ரூபாயை ஏற்கிறது. அதைக் கழித்துப் பார்த்தாலும் சட்டத்தை மீறுவதே மலிவு. கணக்குப்பிள்ளை முதலாளிக்கு என்ன யோசனை சொல்வார்?

எடுக்கிற இடங்களிலெல்லாம் தொழில் பழகக் கிடைக்கிறதா என்பது வேறு கதை. ஐடிஐ-யில் ஃபிட்டர் படிப்பவர் இரும்புத் துண்டை வைஸில் பிடித்து அரத்தால் ராவி, மூலைமட்டத்தை வைத்து இடைவெளியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, வெர்னியரில் 0.02 மி.மீ. வரை அளந்து, மறுபடியும் ராவுகிறார். அப்படித் தேறிய கையை அசெம்பிளி லைனில் நிறுத்தி, ஷிப்ட் முழுக்க அதே நான்கு போல்ட்டை முடுக்க வைத்து ஓராண்டை ஓட்டினால் அது பயிற்சியே அல்ல, பி.எஃப். பிடிக்காத கூலி வேலை. அப்ரண்டிஸ் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர் என்கிறது சட்டத்தின் 18-வது பிரிவு. கற்றுத்தரும் நிறுவனத்துக்கான விலக்கு அது, வேலை மட்டும் வாங்குபவருக்கு அல்ல. கோவை, திருப்பூர் வட்டார நூற்பாலைகளில் ‘சுமங்கலி’ திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை அப்ரண்டிஸ் கணக்கில் வைத்து ஆண்டுக்கணக்கில் வேலை வாங்கியதை இந்த மாநிலம் மறந்துவிட முடியாது.

71 அரசு ஐடிஐ-களை நவீனப்படுத்த டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு கையில் எடுத்தது. ஐடிஐ-க்குள் ரோபோ வந்ததில் மகிழ்ச்சியே. அங்கே பழகிய மாணவர் தொழிற்சாலைக்குள் போனபின் என்ன செய்கிறார் என்பதை யார் பார்க்கிறார்கள்?

அபராதத்தை உதவித்தொகைக்குக் குறையாமல் உயர்த்துவது நாடாளுமன்றத்தின் பொறுப்பு. மாநில அரசு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு அப்ரண்டிஸின் முன்னேற்றத்தையும் நிறுவனம் பதிவு செய்ய வேண்டும் என்று 19-வது பிரிவிலேயே இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐடிஐ பயிற்றுநர் ஒருவர் நேரில் போய் அந்தப் பதிவேட்டைப் புரட்டி, பையனைத் தனியே கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டால் பாதி உண்மை வெளியே வந்துவிடும். பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அது வாசலில் ஒட்டப்படட்டும். ரயில்வே தன் கடைநிலைப் பணியிடங்களில் 20 சதவீதத்தை அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ஒதுக்குகிறது. தனியார் அந்த அளவுக்கு வராவிட்டாலும், எத்தனை பேரை எடுத்தோம், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை தந்தோம் என்று ஆண்டுதோறும் சொல்லலாமே. சிப்காட்டில் நிலமும் சலுகையும் கேட்டு வரும் நிறுவனத்திடம் அரசு முதலில் இந்த மூன்று எண்களைக் கேட்க வேண்டும். அதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை.