இடுப்பில் கட்டிய துண்டு

பெரிய வியாழனன்று ஆலயங்களில் பன்னிரண்டு பேரை உட்கார வைத்துப் பாதம் கழுவுகிறார்கள். பாதம் கழுவும் அதே திருச்சபையில்தான் இன்னும் சில ஊர்களில் நமக்குத் தனிக் கல்லறை. ஆனாலும் தாழ்மையையும் தன்னலமற்ற சேவையையும் பற்றி நமக்கே பிரசங்கம் செய்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் அழுக்கைச் சுமந்த மக்களிடம் இன்னும் தாழ்ந்து போ என்பது நற்செய்தியாகாது.

யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தை நாமே திறந்து படிப்போம். அன்று கால் கழுவுவது அடிமையின் வேலை. போதகர், ஆண்டவர் என்று தம்மை அழைப்பது சரிதான் என்று சொல்லும் இயேசுவே மேலாடையைக் கழற்றி வைத்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொள்கிறார். ஆண்டைக்கு முன்னால் தோள் துண்டை இடுப்பில் கட்ட வைக்கப்பட்ட நம் பாட்டன்மாருக்கு அந்தத் துண்டின் பொருள் தெரியும். அவர்களைக் கட்ட வைத்தது சாதி. இயேசுவை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அங்கே பாடம் மேலே இருப்பவர்களுக்குத்தான்.

அந்தப் பாடத்தை வாழ்ந்து காட்டிய ஒரு போதகர் மார்ட்டின் லூதர் கிங். 1968 பிப்ரவரி 1 அன்று அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் குப்பை லாரியின் இயந்திரத்தில் நசுங்கி இரண்டு கறுப்பினத் தூய்மைப் பணியாளர்கள் இறந்தார்கள். சுமார் 1,300 பேர் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். கிங் அப்போது தலைநகரில் ஏழை மக்களின் பெரும் போராட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். மெம்பிஸ் போனால் அந்த வேலை கெடும் என்று உடனிருந்தவர்கள் தயங்கினார்கள். நோபல் பரிசு பெற்ற அந்தத் தலைவர் குப்பை அள்ளுகிறவர்கள் கூப்பிட்டதும் போனார். முதல் ஊர்வலம் கலவரத்தில் முடிந்தது. பழி வந்தது. அப்படியும் திரும்பப் போனார். ஏப்ரல் 4 அன்று அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16 அன்று நகராட்சி அவர்களது சங்கத்தை ஏற்று, ஊதிய உயர்வுக்கும் ஒப்புக்கொண்டது.

தோழர்களே, இதே அளவுகோலை நம் இயக்கங்களுக்கும் வைப்போம். மனிதர் கையால் மலம் அள்ளுவதை 2013இல் சட்டம் முழுமையாகத் தடை செய்த பிறகும் மலக்குழியில் நம் ஆட்கள் சாகிறார்கள். அப்போது மைக் முன்னால் நிற்பவர்கள் யார், பிணவறை வாசலில் அந்தக் குடும்பத்தோடு விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்கள் யார்? இழப்பீட்டு மனுவைத் தூக்கிக்கொண்டு ஆறு மாதம் கழித்தும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குபவர்கள் யார்? கூட்டம் முடிந்ததும் நாற்காலியை அடுக்குவது மட்டும் ஏன் எப்போதும் பெண் தோழர்களும் புதிதாக வந்த பிள்ளைகளும்?

துண்டு தோளில் கிடப்பது நம் உரிமை. அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டோம். பொறுப்புக்கு வந்தபின், நம்மிலும் நொந்தவர்களுக்காக அதை நாமே எடுத்து இடுப்பில் கட்டுவோம். அதற்கு மனமில்லாதவர்கள் நமக்குத் தலைமை தாங்க வேண்டாம்.