போதிதர்மர் ஊரில் பச்சை பேன்கேக்!



போன ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்டு கிச்சனில் ஒரு சின்ன புரட்சி. "கிரீன் டீ பேன்கேக் பண்ணப் போறேன்"னு அறிவிச்சதும், அம்மா கேட்ட முதல் கேள்வி, "பேனா? தலையில இருக்கிறதையா கேக் பண்ணப் போற?" தறியில் உட்கார்ந்திருந்த அப்பா, நாடாவை நிறுத்திட்டுச் சிரிச்சார். (நமக்கு ஊர் காஞ்சிபுரம் பக்கத்து செவிலிமேடு. ராமானுஜர் வரதராஜப் பெருமாளுக்குத் தீர்த்தம் சுமந்ததா சொல்ற சாலைக் கிணறு இருக்கே, அதே ஊர்தான்!)

'நமக்கும் கிரீன் டீக்கும் என்னப்பா சம்பந்தம்?'னு கேட்கிறீங்களா? இருக்கு! தியானத்தில் தூங்கிட்ட போதிதர்மர், கோபத்தில் கண் இமைகளை வெட்டி எறிஞ்சாராம். அது விழுந்த இடத்தில் முளைச்சதுதான் தேயிலைச் செடியாம். இது ஜப்பான்ல சொல்ற கதை. அந்த போதிதர்மர் காஞ்சி இளவரசர்ங்கிறது நம்ம ஊர் நம்பிக்கை. 2011-ல் வந்த '7-ஆம் அறிவு' பார்த்தவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். கதை கிடக்கட்டும்... எக்ஸாம் நைட்ல டீ எதுக்குன்னு நமக்குத் தெரியாதா என்ன!

சாதா டீயும் கிரீன் டீயும் ஒரே செடியோட இலைதான். பறிச்ச இலையை நசுக்கி, காற்றுபடக் கறுக்க விட்டா சாதா டீ. உடனே சூடு காட்டி, கறுக்காம தடுத்தா கிரீன் டீ. அவ்ளோதான் மேட்டர்!

முதல் ரவுண்டில் நான் டீ பேக்கைப் பிரிச்சு அப்படியே மாவில் கொட்டினேன். பல்லில் மணல் கடிச்ச மாதிரி ஆச்சு. அம்மா வச்ச பேரு, 'கஷாய தோசை'! நீங்க அந்தத் தப்பைப் பண்ணாதீங்க.

2 டேபிள் ஸ்பூன் கிரீன் டீ இலையை ஈரமில்லாத மிக்ஸி ஜாரில் நைஸா அரைச்சு, மெல்லிய துணியில் சலிச்சுக்கோங்க. அதில் 2 டீ ஸ்பூன் தூள் போதும். மேலே போனா கசக்கும். 1 கப் மைதா, 2 டேபிள் ஸ்பூன் சர்க்கரை, ஒன்றரை டீ ஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு... எல்லாத்தையும் தூளோடு கலந்துக்கோங்க. முக்கால் கப் பால், 1 முட்டை, 1 ஸ்பூன் உருக்கின வெண்ணெய் சேருங்க. எங்க வீட்ல முட்டைக்குத் தடா! அதனால பாதி வாழைப்பழத்தை மசிச்சுப் போட்டேன். தயிர் மட்டும் வேண்டாம். புளிப்பு பட்டா பச்சை நிறம் மங்கிடும்.

மாவை இட்லி மாவு மாதிரி அடிச்சுக் கலக்காதீங்க, ரப்பராயிடும். சின்னக் கட்டி இருந்தாலும் பரவாயில்லை. 10 நிமிஷம் விட்டுட்டு, தோசைக்கல்லை சிம்மில் வச்சு, ஒரு கரண்டி ஊத்துங்க. தேய்க்கக் கூடாது! மேலே குமிழி வெடிச்சு ஓட்டை அப்படியே நின்னா, திருப்பிப் போடுங்க. தீ அதிகமானா பச்சை போய் பழுப்புதான் மிஞ்சும். மேலே பனங்கற்கண்டுப் பாகு... ஆஹா!

இப்போ கொஞ்சம் சீரியஸா. என் ஃப்ரெண்ட் ஒருத்தி, 'ஸ்லிம் ஆகணும்'னு காலை டிபனுக்குப் பதிலா கிரீன் டீ மட்டும் குடிச்சா. மூணு மாசத்தில் பஸ் ஸ்டாப்ல மயங்கி விழுந்தா. ஹீமோகுளோபின் 8-தான் இருந்தது. சாப்பிடாம இருந்ததே தப்பு. அதோட, சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கிறதை டீ தடுக்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் 15-லிருந்து 49 வயசுப் பெண்களில் 53 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது, உங்க பெஞ்ச்ல உட்கார்ந்திருக்கிற ரெண்டு பேரில் ஒருத்தருக்கு! அதனால டீயோ இந்த பேன்கேக்கோ, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும். இரும்பு மாத்திரையை டீயோட போடவே கூடாது. இதில் கஃபீனும் இருக்கு. சாயங்காலம் 4 மணி ஓகே, ராத்திரி 10 மணி வேண்டாம்.

நம்ம காஞ்சிபுரம் கோயில் இட்லியைப் பாருங்க. மிளகு, சீரகம், சுக்கு போட்டு, மந்தாரை இலை வச்ச மூங்கில் குடலையில் வேக வைக்கிறது. வாசனையும் உண்டு, வயித்துக்கும் இதம். ஃப்ளேவர்னா அப்படி இருக்கணும்!

ரெண்டாவது ரவுண்டு பேன்கேக்கைத் தறிக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா கையைத் துடைச்சுக்கிட்டு, ஒரு விள்ளல் வாயில் போட்டார். "கலரு நல்லாருக்கு. இந்தப் பச்சையில ஒரு பார்டர் போடலாம்"னார். ருசியைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. ஆனா தட்டு காலி!

அந்த ஃப்ரெண்டும் வந்திருந்தா. மதியம் முருங்கைக்கீரைப் பொரியலோட முழுச் சாப்பாடு சாப்பிட்டுட்டு, 4 மணிக்கு ரெண்டு பேன்கேக். நீங்களும் ட்ரை பண்ணுங்க. ஆனா, காலையில டிபன் சாப்பிட்டுட்டுத்தான். ப்ராமிஸ்?