கண்ணாடித் திரையும் கன்றிய உள்ளமும்

கல்வி என்னும் சொல் 'கல்' என்னும் வினையடியாகப் பிறந்தது. நிலத்தைக் கல்ல நீர் சுரத்தல் போன்று, உள்ளத்தைக் கல்ல அறிவு சுரக்கும். ஆனால், கல்லுகின்ற கை அருகில் இருத்தல் வேண்டும். அக் கை அகன்றவிடத்து மாணவர் உள்ளம் என்னவாகும் என்பதைக் கொரோனாக் கொள்ளைநோய்க் காலம் காட்டிற்று.

2020 மார்ச்சுத் திங்களில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பெற்றன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் நாளன்றே மீண்டும் திறக்கப்பெற்றன. நோய் பரவாமற் காக்கப் பள்ளியை மூடியதைக் குறைகூறுவதற்கில்லை. அதற்கு மாற்றாக வந்த இணையவழி வகுப்பே எண்ணிப் பார்க்கத்தக்கது.

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லியை அடுத்த நூம்பலைப் போன்ற புறநகர் ஊர்களை நோக்குக. அன்றாடக் கூலிக்கு உழைப்போர் வீட்டில் உள்ளது ஒரே கைப்பேசி. அதுவும் தந்தையோடு காலையில் வேலைக்குச் சென்று இரவில்தான் திரும்பும். பாடமோ பகலிலேயே முடிந்துவிடும். இந்தியச் சிறாருள் நால்வரில் ஒருவர்க்கே கருவியும் இணையமும் வாய்த்திருந்தன என்று ஐ.நா. சிறுவர் நிதியமான யுனிசெஃப் 2021இல் அறிவித்தது.

எஞ்சிய மூவர் பாடத்தை மட்டுமா இழந்தனர்? தன்மதிப்பையும் அன்றோ இழந்தனர்! செல்வர் பிள்ளையும் வறியவர் பிள்ளையும் ஒரே பலகையில் அமரும் இடமே பள்ளி. வீட்டு வறுமை அதன் வாயிலுக்கு வெளியே நின்றுவிடும். இணையவழி வகுப்போ அவ் வறுமையையே வாயிற்காவலாக நிறுத்திற்று. எவ்வாறோ உள்நுழைந்தவனுக்கும் அமைதியில்லை. தன் வீட்டுக் கூரையும் சுவரும் உடன்பயில்வோர் கண்ணிற் படுமே எனக் கூசி, முகத்தை மறைத்து அமர்ந்தான்.

இக் கூச்சத்தைச் சிறிதென எண்ணற்க. 2020 சூன் 1, கேரளத்தில் அவ்வகை வகுப்புகள் தொடங்கிய நாள். அன்றே மலப்புறம் மாவட்டம் வளாஞ்சேரியில், வீட்டுத் தொலைக்காட்சி பழுதுற்றுக் கைப்பேசியும் இல்லாத ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன்னுயிர் துறந்தாள். அவ்வாண்டிலேயே பண்ணுருட்டிப் பகுதியில் முந்திரி உழவர் ஒருவரின் மகனும் கைப்பேசி கிட்டாத வருத்தத்தில் மாண்டான் எனச் செய்தி வந்தது. ஓருயிரின் முடிவுக்கு ஒற்றைக் கரணியம் கூறுதல் தவறே. ஆயினும், அவ் விளம் உள்ளங்களைத் தனிமையில் தவிக்கவிட்ட குமுகாயம் தன் பொறுப்பினின்று தப்ப இயலாது.

2019இல் தோன்றிய கல்வித் தொலைக்காட்சி, கைப்பேசி இல்லாத வீடுகளையும் எட்டிற்று; நன்றே. ஆனால் தொலைக்காட்சி பேசும்; கேளாது. வாடிய முகங்கண்டு 'உண்டாயா?' என வினவ அதற்குத் தெரியாது. 2021 அக்டோபரில் தொடங்கப்பெற்ற 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலரைத் தெருவுக்கே அனுப்பிற்று. பிள்ளைகள் மீண்டும் ஒருங்கே அமர்ந்தனர். நோய்க்கு மருந்து இன்னதென அதுவே காட்டிற்று.

பள்ளிகள் திறந்து ஆண்டுகள் பல கடந்தும், வீட்டுப்பாடத்தைக் கைப்பேசிக் குழுவில் இடும் வழக்கம் மறையவில்லை. விலைகொடுத்து வாங்கும் பொருளைக் கல்விக்கு வாயிலாக வைத்தல் இனியும் வேண்டா. அரசு, பிள்ளைகளின் உள்ளக்குறை கேட்பாரைப் பள்ளிதோறும் அமர்த்துக! ஆசிரியர், வாராத மாணவனின் வீட்டுக் கதவைத் தட்டுக! பெற்றோர், மதிப்பெண்ணை வினவுமுன் மகவின் முகத்தை நோக்குக!