நம்ம ரத்தத்துக்கு 75 வருஷ வில்லங்கமா?



நெல்லுக்கும் கரும்புக்கும் விலை கேட்டு மறியல் செய்கிறோம். வேனில் ஏற்றி, கல்யாண மண்டபத்தில் வைத்து, சாயங்காலம் விட்டுவிடுகிறார்கள். அதோடு முடிந்தது என்று வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறோம். வழக்கு என்று பதிவாகிவிட்டால் இனி அதோடு முடியாது.

2022-ல் மத்திய அரசு குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணுதல்) சட்டம் கொண்டுவந்தது. அந்த வருஷம் ஆகஸ்ட் 4 முதல் அமலில் இருக்கிறது. வெள்ளைக்காரன் 1920-ல் போட்ட பழைய சட்டத்தில் கைரேகை, கால்தடம், போட்டோ மாதிரியானவைதான் இருந்தன. இப்போது கருவிழி, ரத்தம், எச்சில், முடி, அதிலிருந்து எடுக்கிற டி.என்.ஏ. வரைக்கும் வந்துவிட்டார்கள். இந்தப் பதிவை தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 75 வருஷம் வைத்திருக்குமாம். நிலம் வாங்க 30 வருஷ வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். நம்ம உடம்புக்கு 75 வருஷ வில்லங்கம்!

"தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்று கேட்கிறார்கள். கைரேகை ஒருத்தரோடு போகும். டி.என்.ஏ. அப்படி இல்லை. யார் யாருக்கு ரத்த உறவு, பரம்பரை நோய் என்ன என்பது வரை அதில் இருக்கிறது. ஒருத்தர் எச்சில் கொடுத்தால் குடும்பமே பைலில் ஏறுது. கொலை நடந்த இடத்து ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும், நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. விலை கேட்டவன் ரத்தம் எதுக்கு?

நன்றாகக் கவனியுங்கள். 7 வருஷத்துக்குக் குறைந்த தண்டனை உள்ள வழக்கில் கைதானவர், அது பெண்கள், குழந்தைகள் மீதான குற்றமாக இல்லாவிட்டால், ரத்தம், எச்சில் தர மறுக்கலாம். அந்தச் சட்டமே சொல்கிறது. (கைரேகை, போட்டோவை மறுக்க முடியாது, தடுத்தால் அதுவே குற்றம்.) மறியல் வழக்கு பெரும்பாலும் இந்த வரம்புக்குள்தான் வரும். ஆனால் 'கொலை முயற்சி' என்று ஒரு பிரிவைக் கூடச் சேர்த்தால் பாதுகாப்பு போச்சு. பிரிவு போடுகிற பேனா யார் கையில் இருக்கிறது?

இன்னொரு பள்ளம் இருக்கு. "கோர்ட்டுக்கு அலைய முடியாது, ஒத்துக்கிட்டு அபராதம் கட்டிருவோம்" என்கிறோம். கட்டினால் நாம் 'தண்டனை பெற்றவர்'. எந்தக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றாலும் இந்தச் சட்டம் பிடிக்கும். மறுக்கும் உரிமை கைதானவருக்கு என்றுதான் எழுதியிருக்கிறார்கள். விடுதலையானால் பதிவை அழிக்கணும் என்ற விதியும் முன்பு தண்டனை பெறாதவருக்குத்தான். அதுவும் அப்பீல் எல்லாம் முடிந்த பிறகு!

தடுப்புக்காவலில் வைக்கப்பட்டவரையும் இந்தச் சட்டம் விடவில்லை. 2023 நவம்பரில் திருவண்ணாமலை மாவட்டம் மேல்மாவில், சிப்காட்டுக்கு நிலம் தர மாட்டோம் என்று போராடியவர்களில் 7 பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்ததை மறந்துவிட வேண்டாம்.

உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3 அன்று, கைரேகைச் சட்டத்துக்குப் பணிய மறுத்த உழைக்கும் மக்கள் 16 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். ஒரு ரேகைக்கே உயிரைக் கொடுத்த மண் இது. 2017-ல் உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பு சொன்னார்கள். அது பட்டணத்துக்கு மட்டும் சொன்னதா?

நம் கோரிக்கைகள்:

1. போராட்ட வழக்குகளில் ரத்தம், எச்சில், டி.என்.ஏ. எடுக்காதே!
2. விடுதலையானவர் பதிவை அவர் கேட்காமலே அழித்து, எழுத்து மூலம் தகவல் கொடு!
3. 75 வருஷம் வைத்திருக்கும் பிரிவை ரத்து செய்!

கைதானால் பயப்படாதீங்க. என்ன பிரிவு என்று கேளுங்க. படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீங்க. வக்கீலைக் கேட்காமல் குற்றத்தை ஒத்துக்கொள்ளாதீங்க. உடனே சங்கத்துக்குச் சொல்லி அனுப்புங்க. கிளைக் கூட்டத்தில் இந்தப் பிரசுரத்தைப் படித்துக் காட்டுங்க, பெண்களையும் கூட்டிட்டு வாங்க.

நெல்லுக்கு விலை கேட்டோம், ரத்தத்துக்கு அல்ல!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்!

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்