குழாயில் பிறக்கும் எண்

எந்திரம் ஓர் எண்ணைத் தந்துவிட்டால் அதை மறுத்துக் கேட்க நாம் கூசுகிறோம். உடலுக்குள் செய்தி சுமக்கும் கொழுப்புப் பொருட்களை நிறை நிறமாலைமானியால் அளக்கும் துறையைப் பற்றிச் சில காலமாக வாசித்து வருகிறேன். தமிழ் வாத்தியாருக்கு அங்கே என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பாடபேதம் பார்த்துப் பழகியவனுக்கு வேலை இருக்கிறது.

பெயரிலேயே ஒரு பிழை. 1930களில் உல்ஃப் வான் ஆய்லர், தாம் விந்துநீரில் கண்ட பொருள் புராஸ்டேட் சுரப்பியில் பிறப்பதாக எண்ணிப் புரோஸ்டாகிளாண்டின் என்று பெயரிட்டார். உடலின் ஏறக்குறைய எல்லாத் திசுக்களும் அவ்வினப் பொருட்களை ஆக்குகின்றன என்பது பின்னர்த்தான் தெரிந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அதன் உறவுப் பொருளான திராம்பாக்சேன் ஏ2, இரத்தத் தட்டணுக்களை ஒன்றுதிரட்டி உறையச் செய்வது. 1975இல் பெங்ட் சாமுவேல்சன் குழுவினர் அதை அடையாளம் கண்டனர். உடல் வெப்பத்தில் அதன் அரைவாழ்நாள் ஏறத்தாழ 30 விநாடி. ஆகவே அளக்கப்படுவது அது சிதைந்தபின் எஞ்சும் பி2. சிக்கல் அதிலும் இல்லை, ஊசியில் இருக்கிறது. ஊசி குத்தியதும் தட்டணுக்கள் கிளர்ந்து, அளக்க வந்த பொருளையே புதிதாக ஆக்கத் தொடங்குகின்றன. குழாயில் உறையவிட்டுப் பிரித்த சீரத்தில் மில்லிலிட்டருக்குச் சில நூறு நானோகிராம் கிடைக்கும். உடலில் ஓடும் இரத்தத்திலோ ஒன்றிரண்டு பிக்கோகிராமுக்கு மேல் இராது என்று 1980களில் கணக்கிட்டார்கள். வேறுபாடு லட்சம் மடங்குக்கும் அதிகம்!

கருவியைக் குறை சொல்லவில்லை. டியூட்டீரியம் ஏற்றிய அதே மூலக்கூற்றை, அளவறிந்து, முதலிலேயே மாதிரியில் கலந்துவிடுகிறார்கள். பிரித்தெடுக்கையில் இழந்ததை அது காட்டிக்கொடுக்கும். அழகான உத்திதான். ஆனால் அதைக் கலப்பதற்கு முன்பே குழாயில் பிறந்துவிட்டதை அது காட்டாது. புரோஸ்டாகிளாண்டின் இ2, டி2 இரண்டும் ஒரே நிறை உடையவை என்பதால் நிறையை மட்டும் பார்த்துப் பிரிக்க இயலாது என்பது வேறு தொல்லை. நிறப்பிரிகைக் குழலில் எது முன்னே வெளிவருகிறது என்று பார்த்தாக வேண்டும்.

சீர அளவு பொய் என்பதல்ல என் வாதம். தூண்டினால் தட்டணுக்கள் எவ்வளவு ஆக்கவல்லவை என்பதை அது சொல்கிறது. ஆஸ்பிரின் வேலை செய்கிறதா என்றறிய அதுவே தக்கது. உடல் உண்மையில் எவ்வளவு ஆக்கியது என்பதைச் சிறுநீரில் வெளியேறும் சிதைபொருளில்தான் தேட வேண்டும். ஒன்றின் விடையை மற்றதன் கேள்விக்குப் பொருத்தினால் தவிப்பவர் இதய நோயாளி. எந்த உறைதடுப்பான், எத்தனை நிமிடத்தில் குளிரூட்டினார்கள், எப்போது பிரித்தார்கள் ஆகியவை பின்னிணைப்பில் ஒளியாமல், எண் நிற்கும் அதே வரிசையில் நிற்க வேண்டும். அவை இல்லாத இரு ஆய்வகங்களின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிட நான் உடன்படமாட்டேன்.