வயிற்றுப்போக்கை மறைக்க வேண்டாம்

வ. புதுப்பட்டியிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் வயிற்றுப்போக்கு கண்டால், ‘சூடு’ என்று சொல்லி மருந்துக்கடை மாத்திரையால் நிறுத்திக்கொள்வோர் பலர். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இவ்வழக்கம் ஆபத்தானது. போக்கை நிறுத்துவதற்கு முன் அதன் காரணத்தைக் கண்டறிய வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

கிரிப்டோஸ்போரிடியம், சிஸ்டோஐசோஸ்போரா, மைக்ரோஸ்போரிடியா ஆகிய நுண்ணுயிரிகள் குடலைப் பற்றுகின்றன. நல்ல உடல்நிலை உள்ளவர்களுக்கு இத்தொற்று பெரும்பாலும் தானே தணியும். சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை 100க்குக் கீழே இறங்கியவர்களுக்கோ மாதக்கணக்கில் நீடித்து உடலை உருக்கிவிடும். சிலருக்குத் தொற்று பித்தநாளங்களுக்கும் பரவி அவற்றைச் சுருக்குகிறது. அப்போது வலப்பக்க மேல்வயிற்றில் வலியும் காய்ச்சலும் தோன்றும். கண் மஞ்சளாகவில்லையே என்று வாளாவிருத்தல் கூடாது.

வழக்கமான மலப் பரிசோதனையில் இக்கிருமிகள் தப்பிவிடக்கூடும். தனிச் சாயமிட்டுப் பார்க்க வேண்டும். மருத்துவர் அதைக் கேட்டு எழுத வேண்டுமாயின், நோயாளியின் எச்.ஐ.வி. நிலை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம் அந்த இரகசியத்தைக் காக்கிறது. ஆகவே மருத்துவரிடம் மறைக்க வேண்டியதில்லை.

சிஸ்டோஐசோஸ்போராவுக்குக் கோட்ரைமாக்சசோல் நல்ல மருந்து. கிரிப்டோஸ்போரிடியத்துக்கு நம்பத்தக்க தனி மருந்து இல்லை. எதிர்ப்பாற்றலை மீட்கும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தே அதற்குத் துணை. 2004 ஏப்ரல் முதல் அரசு அதனை இலவசமாக வழங்கி வருகிறது. ‘வயிறு தாங்கவில்லை’ என்று அதைத் தாமாக நிறுத்துவோர் தம்மைக் காக்கும் மருந்தையே கைவிடுகிறார்கள்.

குடும்பத்தாரின் கடமை குடிநீரில் தொடங்குகிறது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், சுத்திகரிக்கப்பட்ட குழாய்நீர் வழியாகவே ஏறத்தாழ 4 லட்சம் பேருக்குக் கிரிப்டோஸ்போரிடியம் தொற்றியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் எய்ட்ஸ் நோயாளிகள். குளோரின் இக்கிருமியை எளிதில் கொல்வதில்லை. எனவே மேல்நிலைத் தொட்டி நீரேயானாலும், தளதளவென்று கொதித்தபின் மேலும் 1 நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துக் கொடுங்கள். கன்றுகளின் சாணத்திலும் இக்கிருமி உண்டு. தொழுவ வேலையை நோயாளியிடம் விடாதீர்கள். சோப்பிட்டுக் கைகழுவுவதை வீட்டார் அனைவரும் வழக்கமாக்குங்கள்.

போக்கு சில நாட்களில் நிற்காவிட்டால் உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுத்தபடியே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். நேரில் கேட்கத் தயங்குவோர் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம்.